தில்லையம்பலம் கொரியாக்களை இணைத்த சருக்கம்

வாழ்க தில்லையம்பலம்! ஒன்ராறியோப் பேரேரியின் வடகரை முழுதும் குடைநிழற்றும் கொற்றவர் எவரோடும் உறவில்லாதவன் வாழ்க! உறைபனி வேந்தன் வாடைப்படை திரட்டி ஸ்காபரோவை முற்றுகையிடும் மாதங்களில், வீடுவீடாக நிலவறை புகுந்து, அணைந்து கிடக்கும் ஃபேர்னஸ் என்னும் வெப்ப உலைகளின் வயிற்றில் அழல் மூட்டும் செங்கையன். மூட்டிய பின்னும் புறப்படாமல், அந்த அழல் எவ்வாறு பிறக்கிறது, சூடான காற்று எந்தக் குழாய்வழி ஏறுகிறது, மேல்மாடி மட்டும் ஏன் என்றும் குளிர்கிறது என்பவற்றைக் கேளாதவர்க்கும் வாரி வழங்கும் கொடைமடத்தோன். "சரி அண்ணை, விளங்கிட்டுது" என்று வீட்டுக்காரர் வாசற்கதவைத் திறந்து பிடித்து நின்றாலும், திறந்த கதவால் வெப்பம் எப்படி வெளியேறுகிறது என்பதை அதே மூச்சில் எடுத்துரைக்கும் அஞ்சாநெஞ்சன். அவன் தாள் வாழ்க, தாளில் கிடக்கும் பனிச்சப்பாத்தும் வாழ்க!

இச்சருக்கத்தின் தலைவனும் இதைப் பாடுகிறவனும் ஒருவரே என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு புலவர் எவரும் முன்வரவில்லை. ஒருவரைக் கேட்டேன், வேலை இருக்கிறது என்றார். 'நான்' என்று தொடங்கி இத்தனை அடைமொழிகளை அடுக்கினால் சபை சிரிக்கும் என்பதால் தலைவனை 'அவன்' என்றே சொல்லிப் போகிறேன். காவியம் பாடுகிறவனுக்கு எவர் நெஞ்சிலும் நுழைந்து பார்க்கும் உரிமை உண்டு. அதையும் தாராளமாக எடுத்துக்கொள்கிறேன்.

தலைவன் கண்டெடுத்த போர்க்களம் கொரியா. அங்கே அவன் போனதில்லை. ஒரு கொரியக் கடையில் முள்ளங்கி வாங்கியதே அந்நாட்டோடு அவனுக்கிருந்த நேரடித் தொடர்பு. ஆயினும், ஐம்பத்து மூன்றாம் ஆண்டு அங்கே துப்பாக்கிகள் ஓய்ந்தபோது கையெழுத்தானது போர்நிறுத்தம்தானே ஒழிய சமாதானம் அல்ல என்பதையும், அதில் தென்கொரியா கையெழுத்தே இடவில்லை என்பதையும், ஆகவே சட்டப்படி பார்த்தால் அந்தப் போர் இன்னும் முடியவில்லை என்பதையும் அறிந்த கணத்தில், பழுதான இயந்திரத்தின் மூடியைக் கழற்றியவன்போல் அவன் உள்ளம் துள்ளியது. முடியாத ஒரு போர் எப்படி வேலை செய்கிறது? அதை முடிக்க எந்தத் திருகாணியைத் திருகவேண்டும்?

இதற்கு விடைகாண அவன் ஓர் ஆட்டம் படைத்தான். தீபகற்பம் முழுவதும் அறுகோணக் கட்டங்களாக வரையப்பட்ட பலகை. சதுரக் கட்டம் ஏன் கூடாதென்றால், அதில் மூலைவழியே போகிறவன் ஒரே நகர்வில் மற்றவனைவிட அதிக தூரம் போய்விடுகிறான். அறுகோணத்தில் எப்பக்கம் போனாலும் தூரம் ஒன்றே. ஆட்டம் பாதி வியூகம், பாதி வேடம். வியூக ஆட்டத்தை மூளையால் ஆடலாம்; படையை நகர்த்துவீர்கள், பின்னால் அரிசி வருகிறதா என்று பார்ப்பீர்கள், அவ்வளவுதான். பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்திற்குத் தொண்டையும் வேண்டும். அங்கே நீங்கள் படையை நகர்த்துவதில்லை; படைத்தலைவனாகவே ஆகிவிடுகிறீர்கள்; மனைவி சாப்பிடக் கூப்பிட்டாலும் "பியோங்யாங் எவருக்கும் பணியாது" என்று பதில் சொல்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒரே பலகையில் பூட்டியவன் நம் தலைவன்.

கடையில் விற்கும் ஆட்டங்கள் அவனுக்குப் போதவில்லை. அவை போரைத் தொடங்குவதில் வல்லவை. முடிப்பது என்றால், ஒருவனுடைய காய்கள் அத்தனையையும் மற்றவன் வழித்துப் பெட்டிக்குள் போடுவதுதான். அப்படி முடிகின்ற போரைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. மேசையில் உட்கார்ந்து முடியும் போர் ஒன்றை, பலகையிலாவது, ஒரேயொரு முறை தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்: இதுவே தில்லையம்பலம் கொண்ட வேட்கை. மற்றதெல்லாம் அலங்காரம்.

விதிகள் இவை. ஒன்றிணைப்புக்குப் படிகள் உண்டு: பிரிந்த குடும்பங்கள் சந்திப்பது, இரயில்பாதை இணைவது, நாணயம் ஒன்றாவது, படைகள் கலைவது, கடைசியில் தலைநகரம். ஒவ்வொரு படியிலும் வடக்கும் தெற்கும் கையை மூடி நீட்டி, ஒரே நேரத்தில் திறக்கவேண்டும். இருவரும் உள்ளங்கையைக் காட்டினால் ஒரு படி ஏறலாம். ஒருவன் கையைத் திறந்து மற்றவன் முட்டியாகவே வைத்திருந்தால், திறந்தவனுக்கு நட்டம். ஆகவே இருவரும் பெரும்பாலும் முட்டியோடே இருப்பார்கள். இதன்மேல் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அச்சம் உண்டு. ஆட்டக்காரர் அதைத் தாமே மனத்தில் தேர்ந்து, எதிராளிக்கு ஒருபோதும் சொல்லக்கூடாது. இந்த விதியில்தான் தலைவனுக்குப் பெருமை அதிகம்.

வடபுலக் காவலனாக வீற்றிருந்தவன் மஃரூப்: அஜக்ஸ் நகர்க் கோமான், குளியலறைத் தரைகளில் மாபிள் கல் பதிப்பதில் இணையற்ற கொத்தன், எந்த வைபவத்துக்கும் பிந்தி வருவதை அறமாகக் கொண்டவன். தென்புலக் காவலனோ ராகவன்: திருச்சியிலிருந்து வந்து கணினிக் கம்பனியொன்றில் பணிபுரிபவன், ஸ்ரௌவ்வில்லில் புதுமனை வாங்கியவன், ஆறு மணி என்று அழைத்தால் ஆறு மணிக்கே வந்து, பூட்டிய மண்டபத்தின் முன் பரிசுப்பொதியோடு நிற்கும் பாவப்பட்ட நேர்மையாளன். காய்களை, மிஞ்சிய மாபிள் துண்டுகளில் அறுத்துக் கொடுத்தவன் மஃரூப். பலகையை அலுவலகத்துப் பெரிய அச்சுப்பொறியில் அச்சிட்டுத் தந்தவன் ராகவன். நம் தலைவன் நடுவர். ஐக்கிய நாடுகள் சபை என்று தனக்குத் தானே பேர் வைத்திருந்தான்.

எத்தனையோ முறை ஆடினார்கள். கொரியா சேரவில்லை. குடும்பங்கள் சந்திக்கும், இரயில்பாதையில் முட்டி வந்துவிடும். ஆனால் சென்ற மாரிகாலத்து ஞாயிறொன்றில், பனிகொட்டி வெளியே போக வழியின்றி இருந்ததாலோ என்னவோ, இருவரும் படிமேல் படியாகக் கைதிறந்து, தலைநகர் என்னும் கடைசிப் படிக்கே வந்துவிட்டார்கள்! இங்கே மட்டும் பகடை பேசவேண்டும்: பெரிய எண் விழுந்தால் சியோல், சின்ன எண் என்றால் பியோங்யாங். முரசுகள் முழங்காத குறையாக, சங்குகள் ஒலிக்காத குறையாக, ராகவன் உருட்டினான். பகடை பாய்ந்தது, புரண்டது, மலையடிவாரத்தில் மயங்கி விழுந்த மத்தகளிறுபோல, தட்டிலிருந்த மரக்கறி ரோல் ஒன்றின்மேல் சரிந்து, படுக்கவுமில்லை நிற்கவுமில்லை என்ற நிலையில் ஓய்ந்தது.

அந்த ரோல் தலைவனின் இல்லத்தரசி றீற்றா பொரித்தது. ராகவன் மச்சமாமிசம் தொடமாட்டான், மஃரூப் ஹலால் அல்லாதது தொடமாட்டான் என்பதால் அவள் கண்ட சமரச உணவு. அதுவே போர்முனை ஆயிற்று.

"ஆறு" என்றான் ராகவன்.

"ரெண்டு" என்றான் மஃரூப்.

திருப்பி உருட்டுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றே கொரியா ஒன்றாகியிருக்கும். நடுவர் அதைச் சொல்லவில்லை. சாய்ந்து நிற்கும் ஒரு கனசதுரத்தின் பாரம் எந்த முகத்தின் மேல் இறங்குகிறது, தாங்கும் பொருள் மெதுவாக இருந்தால் அது எப்படி அமுங்குகிறது, ரோலின் கிழங்கு ஆறியபின் ஏன் இறுகுகிறது என்று அவன் விளக்கத் தொடங்கினான். விளக்கம் நீண்டது. நீண்ட விளக்கத்தின் நடுவே மஃரூப் கைநீட்டி அந்த ரோலை எடுத்து ஒரு கடி கடித்தான். பகடை சரிந்து இரண்டைக் காட்டியது.

"பாய்! வேணும்னேதான எடுத்தீங்க!"

"பசிச்சிச்சி, எடுத்தன். ரோல் திங்கிறத்துக்குத்தானே வெச்சிரிக்கி?"

"தட்டுல இன்னும் ஏழு இருக்கே!"

"அதுதான் மொறுமொறுண்டு இருந்திச்சி."

அன்று பிளந்தது தீபகற்பம். ராகவன் பலகையைச் சுருட்டிக்கொண்டு ஸ்ரௌவ்வில்லுக்குப் போனான். மஃரூப் காய்களையும் பகடையையும் பிஸ்கற் வந்த தகர ரின்னில் அள்ளிக்கொண்டு அஜக்ஸுக்குப் போனான். விதிப்புத்தகம் தலைவனிடம் எஞ்சியது. அதை எவரும் கேட்கவில்லை. அதன்பின் போரும் இல்லை, சமாதானமும் இல்லை. கலியாண வீடுகளில் இரு காவலரும் ஒருவரையொருவர் கண்டு தலையசைப்பார்கள். ஒரே மேசையில் உட்காரமாட்டார்கள்.

இவ்வாறிருக்கையில் வந்தது ஈராயிரத்துப் பதினெட்டின் சித்திரை. மெய்யான வடகொரியத் தலைவரும் மெய்யான தென்கொரியத் தலைவரும் எல்லைக்கோட்டில் கைகோத்து, தரையில் பதித்த ஒரு சிறு கொங்கிரீற்றுத் தடையை, நடைபாதை விளிம்பைத் தாண்டுவதுபோல அங்கும் இங்குமாகத் தாண்டிக் காட்டினார்கள். ஆண்டு முடிவதற்குள் போரை முறைப்படி முடிப்போம் என்றார்கள். உலகம் கைதட்டியது. ஸ்காபரோவில் ஒருவன் மட்டும் காலைத் தேநீரோடு தொலைக்காட்சி முன் வெளிறிப்போய் நின்றான்.

"இஞ்சேருங்கோ, கொரியா சேரப்போகுதாம். இனி உங்களுக்குச் சந்தோசம்தானே?" என்றாள் றீற்றா.

"என்ன சந்தோசம்? என்னை முந்தப்போறாங்களப்பா!"

"ஆர்?"

"கொரியாக்காரர்!"

றீற்றா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு விசர்தான். அவங்கட நாடு, அவங்கள் சேருறாங்கள். உங்களிட்டை கேட்டுக்கொண்டே சேரவேணும்?"

பைத்தியம் என்று அவள் சொன்னது ஓரளவு உண்மை. ஆனால் தலைவனின் இடரையும் எண்ணிப் பாருங்கள். மெய்க்கொரியா சேர்ந்துவிட்டால் அவன் ஆட்டம் பழைய பஞ்சாங்கம். விடை தெரிந்த புதிரை எவர் ஆடுவார்? பலகையில் ஒரு போர் மேசையில் முடிவதைப் பார்க்கும் வாய்ப்பு, செய்தி வாசிப்பவரின் வாயிலிருந்து வந்து, அவன் வாசலைத் தாண்டிப் போய்விடும். ஆகவே மெய்யான கொரியாக்களுக்கு முன்னால் தன் கொரியாக்களைச் சேர்த்துவிட வேண்டும் என்று அவன் வஞ்சினம் உரைத்தான். பண்டை வீரர் போருக்கெழுகையில் தும்பைப்பூச் சூடினார்கள். இந்நகரில் சித்திரையில் தும்பை ஏது? தான் வேலைசெய்யும் கம்பனியின் பேர் பொறித்த தொப்பியைச் சூடினான்.

சூடியபின் இரு காவலருக்கும் வட்ஸப்பில் ஓலை விடுத்தான். அதன் வாசகம் முழுவதையும் இங்கே தர இடம் போதாது. முடிவு மட்டும்: "ஆதலின், இரு திறத்தாரும் பகை மறந்து, பலகையும் காயும் ஒருசேரக் கொணர்ந்து, மார்க்கம் றோட்டுக் கோப்பிக்கடையிலே, வரும் சனிக்கிழமை, கடைசிப் படியை ஆடி முடித்தருள வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை இரந்து நிற்கின்றது."

மஃரூபிடமிருந்து குரற்பதிவு வந்தது. "ரோல் தின்னது களவில்லண்டு அவரு சொல்லட்டும். சொன்னா வாறன். சொல்லாட்டியும் வாறன், ஆனா கதைக்கமாட்டன்."

ராகவனிடமிருந்து ஒற்றைப் பெருவிரல் வந்தது. மஞ்சள் நிறப் பெருவிரல். அது சம்மதமா, ஏளனமா, கை தவறிப் பட்டதா என்று தலைவன் நெடுநேரம் ஆராய்ந்து, சம்மதம் என்று கொண்டான்.

எஞ்சியிருந்தது ஒரே சிக்கல்: நேரம். இதைச் சற்று விளக்கவேண்டும். எங்கள் ஆட்களின் அழைப்பிதழில் ஆறு மணி என்றிருந்தால் அது மண்டபத்தின் வாயிற்காவலருக்குச் சொல்லப்பட்டது. வீட்டார் ஏழுக்கு வருவார்கள், விருந்தினர் எட்டுக்கு வருவார்கள், வந்ததும் ஏன் இன்னும் சாப்பாடு போடவில்லை என்று கேட்பார்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததால் எவருக்கும் குழப்பமில்லை. ஆனால் மஃரூப் எப்போதும் ஒரு மணிநேரம் பிந்துகிறவன், ராகவன் எப்போதும் பிந்தாதவன். முதலில் வந்து காத்திருக்கிறவன் தோற்றவன்போல் ஆவான், தோற்றவன் கைதிறக்கமாட்டான். ஆகவே இருவரும் ஒரே கணத்தில் வாசலில் கால்வைக்கவேண்டும் என்று தலைவன் தீர்மானித்து, சூடேற்றும் கருவியின் முள்ளைத் திருத்துகிறவன்போல, பிந்துகின்ற அளவை முன்கூட்டியே கழித்து, மஃரூபுக்கு இரண்டு மணி என்றும் ராகவனுக்கு மூன்று மணி என்றும் தனித்தனியே சொல்லிவைத்தான். தன் நுட்பத்தைத் தானே வியந்தான். றீற்றாவிடம் சொன்னபோது அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதையும் வியப்பு என்றே எடுத்துக்கொண்டான்.

சந்திப்புக்கு முந்தைய நாள் பெருங்காற்று வீசி மரங்களைப் பிடுங்கி, வேலிகளைச் சாய்த்து, தெருவிளக்குகளை அணைத்திருந்தது. தீய நிமித்தம் என்பார்கள் பழையவர்கள். ஹைட்ரோ மின்கம்பி அறுந்துவிட்டது என்பான் நம் தலைவன், எப்படி அறுந்தது என்பதையும் சேர்த்து.

சனிக்கிழமை. தலைவன் சன்னலோரம் ஒரு மேசையைக் கைப்பற்றி, நடுவில் ஓர் உறிஞ்சுகுழலை எல்லைக்கோடாகக் கிடத்தினான். மெய்யான எல்லையிலும் பேச்சுவார்த்தை மேசையின் நடுவேதான் கோடு போகிறது. ஒரே மேசைக்கு இருபுறமும் இரு நாடுகள். அதை அவன் வியந்துகொண்டிருக்கையில் கதவு திறந்தது. தலைசீவி, பள்ளிவாசலுக்குப் போகும் சட்டை அணிந்து, பிஸ்கற் ரின்னை மார்போடு அணைத்து, சரியாக இரண்டு மணிக்கு வந்து நின்றான் மஃரூப்.

தலைவன் மணிக்கூட்டை ஒருமுறை பார்த்தான், மஃரூபை ஒருமுறை பார்த்தான்.

"என்ன அண்ணன் இப்பிடிப் பாக்குறீங்க? ரெண்டு மணிண்டு சொன்னீங்க, ரெண்டுக்கு வந்திரிக்கன். என்ட கலியாணத்துக்கே நான் நேரத்துக்குப் போகல்ல. பொஞ்சாதி ஸபீராதான் ஏசி அனுப்பினா, இண்டைக்காவது அந்த மனிசனுக்கு முதல் போங்கண்டு. அவரு எங்க?"

"வந்துகொண்டிருக்கிறார்" என்றான் தலைவன். பொய்யல்ல. உலகில் எல்லாரும் ஏதோவொரு வகையில் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

காத்திருப்பு என்னும் காட்டாற்றைக் கடக்கத் தலைவனிடம் ஒரே ஓடம் இருந்தது: விளக்கம். அவன் துடுப்பை எடுத்தான். கொரியா சேருமா என்பதற்கு எல்லாரும் ஜேர்மனியைக் காட்டுகிறார்களே, அது ஏன் பிழை என்றான். மேற்கு ஜேர்மன்காரர் நால்வர் சேர்ந்து ஒரு கிழக்கு ஜேர்மன்காரரைத் தாங்கினார்கள். தென்கொரியரோ இரண்டு பேர் சேர்ந்து ஒரு வடகொரியரைத் தாங்கவேண்டும், அதுவும் அவர் பல மடங்கு ஏழை. சீனத்துக்கு எல்லையோரம் ஒரு தடுப்புச்சுவர் வேண்டும், அமெரிக்காவுக்கு அங்கே ஒரு கால் வேண்டும். பிரிந்த தாய்பிள்ளைகள் வயதாகிச் சாகிறார்கள். தெற்கில் இளசுகளைக் கேட்டால் சேர்ந்தால் வரி கூடுமா என்கிறார்கள். ஆகவே சேராது என்றுதான் கணக்குச் சொல்கிறது. ஆனால் கணக்குப்படி பார்த்தால் அந்த இருவரும் கைகோத்துத் தடையைத் தாண்டியிருக்கவும் கூடாதே!

"மணி மூணாகுது" என்றான் மஃரூப்.

தலைவன் மணிக்கூட்டையே ஓடமாக்கினான். வடகொரியா சில வருடங்களாகத் தன் மணிக்கூட்டைத் தெற்கைவிட அரைமணி பிந்த வைத்திருந்தது. அண்மைச் சந்திப்பில் இரண்டு மணிக்கூடுகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைப் பார்த்து வடகொரியத் தலைவர் மனம் நொந்ததால், இன்று, இதே சனிக்கிழமை, அதை முன்னே தள்ளித் தெற்கோடு சேர்த்துவிட்டார்கள்! ஒன்றிணைப்பில் முதலில் சேர்ந்தது இரயிலுமல்ல, பணமுமல்ல, நேரம்!

மஃரூப் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "அண்ணன், வடகொரியாவே நேரத்துக்கு வந்திட்டான். ராகவன் எங்க?"

ராகவன் எங்கே என்பதை, காவியம் பாடுவோனின் உரிமையால் நான் சொல்கிறேன். ராகவன் தன் வீட்டுச் சோபாவில், சப்பாத்து அணிந்து, பலகையை மடியில் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். புறப்படும் ஆசை அவனைப் பிடித்துத் தள்ளியது. அவன் பல்லைக் கடித்து அதை அடக்கினான். சமாதானத்துக்குப் போகிறோம், அவர்கள் முறைப்படி போவோம், இன்றும் முதல் ஆளாகப் போய் நின்று மஃரூபைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்பது அவன் பெருந்தன்மை. எதிரியின் வழக்கத்தை ஏற்பதே முதல் சமாதானம் என்று இருவரும் தனித்தனியே தெளிந்து, ஒருவர் வழியை மற்றவர் எடுத்து, நடுவில் ஒருவரையொருவர் காணாமல் கடந்துபோனார்கள். இருவர் கையும் திறந்திருந்தது. திறந்த நேரம்தான் வேறு.

நான்கு மணிக்கு, பலகையைக் கதவில் இடித்து, சாய்த்து, மறுபடி இடித்து, வெற்றிக்கொடி ஏந்திய வேந்தன்போல் முகமெல்லாம் மலர உள்ளே வந்தான் ராகவன்.

"பாத்தீங்களாண்ணா! கரெக்டா ஒரு மணி நேரம் லேட்! பத்து வருஷமா உங்க ஆளுங்களோட பழகி இப்பதான் கத்துக்கிட்டேன். பாய், நீங்களும் இப்பதான வந்தீங்க?"

மஃரூப் எழுந்தான். ஊழிக்காலத்து மேகம் எழுவதுபோல் எழுந்தான் என்று பாடலாம். உண்மையில் கதிரை பின்னால் விழுந்தது. "இப்பவா? ரெண்டு மணியிலேருந்து இரிக்கன், ரெண்டு மணி! ஜேர்மனி, சீனா, மணிக்கூடு, எல்லாம் கேட்டு முடிச்சிட்டன்! வேணுமிண்டே என்னக் காக்க வெச்சீங்க, என்ன?"

"ரெண்டு மணியா? மூணு மணின்னுதான சொன்னாரு?"

"ஆரு மூணு மணி?"

"தில்லை அண்ணாதான்."

"எனக்கு ரெண்டுண்டாரு."

கோப்பி இயந்திரம் மட்டும் சீறியது. களத்தில் ஒன்றையொன்று குத்த வந்த இரு களிறுகள், தும்பிக்கை தூக்கிய நிலையிலே நின்று, மெல்ல, மிக மெல்ல, பாகனை நோக்கித் திரும்புவதை நீங்கள் கண்டதுண்டா? பாகன் கண்டான். அவன் மேசையிலிருந்த அடுக்கிலிருந்து ஒரு துடைதாளை உருவி, பேனாவை எடுத்து, "இதைப் பாருங்கோ, இது சின்னக் கழித்தல்தான், ஒருத்தர் பிந்துகிற அளவை..." என்று தொடங்கினான்.

"விளக்காதீங்க!" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

சொன்னபின் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாரிகாலத்துக்குப் பின் முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தார்கள். ராகவனின் வாயோரம் ஏதோ நெளிந்தது. "பாய், அன்னைக்கும் இவர் ஒருத்தர்தான் அந்த ரோலப் பத்திக் கால் மணி நேரம் பேசினாரு. நான் ரீரோல் பண்ணத் தயாராத்தான் இருந்தேன்."

"நானுந்தான்! பேசிப் பேசி முடியல்ல, பசி வந்திட்டு, எடுத்துத் திண்டுட்டன்."

"அட, அதான் விஷயமா!"

"தில்ல அண்ணன்," என்று தலைவனிடம் திரும்பினான் மஃரூப், வடபுலத்தின் முழுக் கம்பீரத்தோடும், "ஐக்கிய நாடுகள் சபை இப்ப வெளிய போகட்டும். போய் கோப்பி வாங்கிட்டு வாங்க. எனக்கு டீ."

"எனக்கு ஒரு மீடியம் காப்பி, சர்க்கரை ரெண்டு" என்றது தென்புலம்.

இதோ வரிசை! மாளிகையின் மதில்போல் வளைந்து நெளிந்த வரிசை! காற்பந்து ஆடிக் களைத்த சிறுவர் அணியொன்று தன் பயிற்றுநரோடும் தாய்மாரோடும் அதன் முன்னணியில் நின்று, ஒவ்வொருவனும் ஒவ்வொரு டோனட்டின் நிறத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தது. அதன் கடைசியில், தும்பைக்குப் பதில் தொப்பி சூடிய வீரன், குதிகால் தூக்கி, தோள்களுக்கிடையே கழுத்து நீட்டித் தன் மேசையைப் பார்த்தான். ரின் திறந்தது. பலகை விரிந்தது. காய்கள் பழைய இடங்களில் அமர்ந்தன. கடைசிப் படி! அவன் பார்க்கவேண்டிய கணம்! மஃரூப் தலையைக் குனிந்து ஏதோ சொன்னான். ராகவன் சிரிக்கவில்லை. பிறகு ராகவன் சொன்னான், மேசையைப் பார்த்தபடி, நீண்ட நேரம். மஃரூப் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினான். அப்புறம் பயிற்றுநர் குறுக்கே வந்து நின்றார், அகன்ற மனிதர்.

இதுவரை எல்லார் நெஞ்சிலும் நுழைந்து வந்த இக்கதைசொல்லி, அவர்கள் பேசியதை மட்டும் உங்களுக்குச் சொல்ல இயலாதவனாக நிற்கிறான். அவன் அப்போது வரிசையில் நின்றான்.

தட்டோடு தலைவன் திரும்பியபோது கொரியா ஒன்றாயிருந்தது. உறிஞ்சுகுழலைக் காணவில்லை. பூசானிலிருந்து சீன எல்லைவரை மாபிள் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டபடி இரயிலாக ஓடின. வெள்ளையும் பச்சையும் கலந்து, எது எவருடையது என்று பிரித்துச் சொல்லமுடியாதபடி கிடந்தன. பகடை ரின்னுக்குள்ளேயே இருந்தது.

"எப்பிடி?" என்றான் தலைவன்.

"முடிஞ்சிட்டு" என்றான் மஃரூப்.

"தலைநகரம்?"

"அதுவும்தான்."

"பகடை உருட்டேல்லையே? எந்த விதிப்படி?"

"உங்க புக்குல இல்லாத ஒண்ணுண்ணா" என்றான் ராகவன், கோப்பியை எடுத்தபடி. "சொல்லப்போனா, உங்க புக்குல எதிராளிகிட்ட சொல்லவே கூடாதுன்னு எழுதியிருக்கிற ஒண்ணு."

"என்னெண்டு சொல்லுங்கோவன்! ஆர் முதல் கை திறந்தது? என்ன கதைச்சனீங்கள்?"

மஃரூப் ராகவனைப் பார்த்தான். ராகவன் மஃரூபைப் பார்த்தான். "சொன்னா நீங்க விளக்குவீங்க, அண்ணன்" என்றான் மஃரூப், அன்போடு. அதன்பின் இருவரும் ஸ்ரௌவ்வில் வீட்டுக் குளியலறைக்கு எந்த நிற மாபிள் பொருந்தும் என்று பேசத் தொடங்கினார்கள்.

தலைவன் நின்றான். இருபெரும் வேந்தர் இணைவதைக் காண ஏங்கி, பலகை வகுத்து, விதி யாத்து, ஓலை விடுத்து, காலத்தையே கூட்டிக் கழித்துக் களம் அமைத்து, கடைசியில் அந்த ஒரு கணத்தை மட்டும் காணாதுபோன தில்லையம்பலம், ஆட்காட்டி விரலைப் பூசானில் வைத்து, மெல்ல வடக்கே நகர்த்தினான், சியோலைத் தாண்டினான், கோடு இருந்த இடத்தைத் தாண்டினான், எதுவும் இடறவில்லை, மாபிளின் குளிர் விரலடியில் தொடர்ந்து ஓட, பியோங்யாங்கையும் தாண்டி, தீபகற்பத்தின் உச்சிவரை போய்ச் சேர்ந்தான், சேர்ந்து, விரலை எடுக்காமல், வானோர் பூமாரி பொழியாத அந்தப் பொன்மாலையில், முரசுகள் வாய்மூடிய அந்தப் பெருமௌனத்தில், விளக்குவதற்கு ஒரு சொல்லும் இன்றி, பிறந்தநாள் தொட்டு முதல் முறையாக வாய்மூடி நின்றபோது அவனது கைபேசி அதிர்ந்தது.

வரும்போது பாலும் பாணும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள் றீற்றா.